ஜீப்புக்குப் பாட்டு வைத்த கோடை

"50 × 4 = 200. வர்க்கமூலம் 14.1. இதுக்கு மேல போகக் கூடாது."

ஆம்ப்ளிஃபயரோடு வந்த விளக்கத் தாளின் பின்புறத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறது. எழுத்து என்னுடையது. கடை முத்திரையில் மே என்ற மாதம் தெரிகிறது. ஆண்டு இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. வர்க்கமூலம் எங்களுக்கு எட்டாம் வகுப்பில் வந்த பாடம். ஆகவே எட்டை முடித்து ஒன்பதுக்குக் காத்திருந்த கோடை விடுமுறை என்று கொள்கிறேன். அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

என் அம்மாவின் தம்பி, அதாவது மாமா, கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் வைத்திருந்தார். விடியும்போது பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போவார். சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அதன்பிறகு, ஓடைப்பட்டித் திராட்சையை இன்னொருவருடைய வேனில் மதுரைக்கு ஓட்டிப்போவார். அம்மாவும் அந்த ஜீப்பில்தான் களையெடுக்கப் போனார். எங்கள் வீட்டில் யார் எப்போது தூங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் விழிக்கும்போது எல்லோரும் கிளம்பிப் போயிருப்பார்கள்.

வேலைக்கு ஆள் சேர்ப்பது பெரியம்மா, அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். அவர் கைகாட்டிய வண்டியில்தான் அந்தப் பெண்கள் ஏறுவார்கள். ஒரு நாள் ஜீப்பைவிட்டு இறங்கியதும், எல்லோரும் கேட்கும்படி மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஒன் வண்டியில ஏறுனா எழவு வீட்டுக்குப் போற மாதிரியே இருக்குடா. மத்த வண்டியெல்லாம் பாட்டப் போட்டுக்கிட்டு ஜம்முனு போகுது."

"ஏங்க்கா, நீங்க களையெடுக்கப் போறியளா, கல்யாணத்துக்குப் போறியளா?"

"பாட்டு வையி. இல்லையின்னா எங்க ஆளுகளக் கூட்டிக்கிட்டு வேற வண்டி பாத்துக்குவேன். தம்பின்னு பாக்க மாட்டேன்."

பெண்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. பெரியம்மாவின் ஆட்கள் போய்விட்டால் அந்த ஜீப் ஸ்டாண்டில் நிற்க வேண்டியதுதான்.

மறுநாளே உத்தமபாளையம் போய் வாங்கிவந்தார். டேஷ்போர்டில் ஒரு ஸ்டீரியோ, அதிலிருந்தே பாடும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். பின்னால் உட்காருகிறவர்களுக்கென்று இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள்; அவற்றுக்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் பெட்டியில் 400 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் வெறும் ஐம்பது. இது எப்படிச் சேரும் என்று அம்மா கேட்டதற்கு மாமா சொன்னார்: "நூறு கிலோ மூட்ட தூக்குறவன் தலையில பத்துக் கிலோவ வச்சா கழுத்தா முறியும்?"

பெரிய ஸ்பீக்கர்களைப் பின் இருக்கைகளுக்குக் கீழே பொருத்தினார். காலி ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்திப் பாடவிட்டபோது தெருவே திரும்பிப் பார்த்தது.

அடுத்த நாள் நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மா சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஜீப் நிறைந்ததும் ஸ்பீக்கருக்கு முன்னால் கால்கள், சேலைகள், தூக்குச்சட்டிப் பைகள், மடித்த சாக்குகள் எல்லாம் வந்து அடைத்துக்கொண்டன. மலை ஏற ஏற இஞ்சின் இரைச்சலும் கூடியது. பின்னால் பாட்டு எடுபடவில்லை. மாமா ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று எழுதியிருந்த சின்னத் திருகை முழுக்கத் திருப்பிவிட்டார். சத்தத்தைக் கூட்டுகிற திருகு என்று நினைத்திருக்கிறார். பாட்டு கிழிசல் துணியைப் போலக் கேட்டது. கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை வந்தது. பிறகு பெரியம்மாவின் காலடியிலிருந்து புகை. வண்டி எரிகிறது என்று ஒருத்தி கத்த, எல்லோரும் குதித்து இறங்கிவிட்டார்கள். எரிந்தது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் மட்டும்தான். ஆனால் அதைக் கண்டுபிடித்து மறுபடி கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்தில் பேர் எழுதி முடித்திருந்தார்கள். அன்றைக்கு வேலை இல்லை.

"பாட்டு வைடான்னா பாடை கட்டுறான்" என்று பெரியம்மா சொன்னாராம். அத்தோடு, வருகிற திங்கட்கிழமைதான் கடைசி என்றும் சொல்லியிருக்கிறார்.

மாமா விளக்கத் தாளை என்னிடம் நீட்டினார். இங்கிலீஷ். பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தேன். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் ஒரு நொடி தாங்குகிற உச்சம். விடாமல் தாங்குவது ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்தில் இருக்கும். எரிந்த ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பார்த்தோம். முப்பது.

"நானூறுன்னு போட்டுருக்கானே ஆத்தா?"

"அது சும்மா மாமா. நெசத்துல தாங்குறது முப்பதுதான்."

"பொண்ணு பாக்க வந்தவென் சம்பளம் சொன்ன மாதிரியில்ல இருக்கு."

தாளில் இன்னொன்றும் இருந்தது. கெயின் என்பது சத்தத்துக்கான திருகு அல்ல. ஸ்டீரியோ அனுப்புவதை ஆம்ப்ளிஃபயர் எந்த அளவில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பொருத்திவைக்கும் இடம். அதை அளவுக்கு மேல் திருப்பினால் ஆம்ப்ளிஃபயர் தன் சக்திக்கு மீறித் திணறி, ஒலியின் தலையை வெட்டி அனுப்பும். அந்த வெட்டுப்பட்ட ஒலிதான் ஸ்பீக்கரைச் சூடாக்கிக் கருக்குகிறது. சின்ன ஆம்ப்ளிஃபயர்கூட இப்படி எரித்துவிடும். மாமாவின் மூட்டைக் கணக்கு இங்கே செல்லவில்லை.

இந்த முறை மாமா ஆர்.எம்.எஸ். அறுபது என்று போட்ட ஜோடியை வாங்கி, யார் காலும் மறைக்காதபடி மேலே கூரை மூலைகளில் பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமை பகலில் கெயின் வைத்தோம். ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றினோம். பாஸ் என்ற அடித்தொனியைக் கூட்டும் பொத்தானை அணைத்தோம். கெயினை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, ஸ்டீரியோ சத்தத்தை முக்கால் பங்குக்கு வைத்தோம். செல்போன் கடையில் ஒரே சீராக ஒலிக்கும் 'கூ' சத்தத்தைப் பென் டிரைவில் ஏற்றி வாங்கியிருந்தார், அதை ஓடவிட்டார். ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸை ஸ்பீக்கரின் மின்தடையான நான்கு ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், எத்தனை வோல்ட்டில் நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

"வர்க்கமூலமா? பாட்டுக்கு எதுக்கு அது?"

"தெரியல மாமா. போட்டுருக்கு."

கம்பி கழற்றிய இடத்தில் நான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் முனைகளைப் பிடித்துக்கொள்ள, அவர் கெயினை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்கில் "போதும் மாமா" என்று கத்தினேன். அவர் அதிலிருந்தும் ஒரு பொட்டு குறைத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. வெயிலென்று நினைத்தேன்.

திங்கட்கிழமை என்னையும் முன்னால் ஏற்றிக்கொண்டார். ஜீப் நிறைந்து மலை ஏறத் தொடங்கியதும் பாட்டு போட்டார். இரைச்சலைத் தாண்டி ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கிழிசல் இல்லை, வாடை இல்லை. மாமா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அப்போது பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"ஏலே தம்பி, நல்லாத்தான் பாடுது. பின்னாடி இருக்கறத நிப்பாட்டு."

"ஏங்க்கா, காத அடைக்குதா?"

"அதெல்லாம் இல்ல. ஒனக்கு முன்னாடி ரெண்டு இருக்குல்ல, அது மட்டும் பாடட்டும். அத நல்லாச் சத்தமா வையி."

மாமா வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான்தான் ஸ்டீரியோவில் ஒலியை முன்பக்கமாகத் தள்ளினேன். திரும்பிப் பார்த்தால், பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாயைத் திறந்தபடி தூங்கினார். பெரியம்மா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமாவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பதினான்கு வோல்ட் இவர்களுக்கு எதற்கு என்று நினைத்தேன். ஆனால் பெரியம்மாவின் ஆட்கள் அதன்பிறகு வேறு வண்டி தேடவில்லை. அது ஏன் என்று நான் யோசிக்கவும் இல்லை.

பல வருடம் கழித்து, சம்பந்தமில்லாத ஏதோ பேச்சில் அம்மா சொன்னார்: "அந்த வருசம் ஒங்க மாமென் ஒரு வளைவுல கண்ணசந்துட்டான். ஒங்க பெரியம்மாதான் பாத்துருக்காக. இருமி எழுப்பிவிட்டாகளாம். அத்தன பேரு முன்னாடி தூங்குறியாடான்னு கேக்க முடியுமா? கேட்டா பெறகு எவ அந்த வண்டியில ஏறுவா?"

மாமாவிடம் கேட்டேன். "நானா? மெட்டுல கண்ணசந்திருந்தா இங்கன ஒக்காந்து ஒங்கிட்டப் பேசிக்கிட்டு இருப்பனா?" என்று சிரித்தார். பெரியம்மா இப்போது இல்லை. அந்த ஜீப்பில் போன மற்றவர்களில் எனக்குத் தெரிந்த எல்லோரையும் விசாரித்துவிட்டேன். எந்த நாள், எந்த வளைவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்களாம், அம்மா உட்பட. ஆகவே மாமா கண்ணயர்ந்தார் என்பது இதுவரை உறுதிசெய்யப்படாத தகவல்.