மூன்று அந்தோணியார்கள்

ஜெஸ்லினை ஓரிடத்தில் உட்காரவைக்க யாராலும் ஆகாது. எங்கள் ஸ்டுடியோவில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் பெரும்பாலும் அவள் பைதான் உட்கார்ந்திருக்கும். நின்றுகொண்டே மவுசை உருட்டுவாள், நடந்துகொண்டே டீ குடிப்பாள். பக்கத்து மேசைக்காரியான எனக்குத்தான் தலை சுற்றும். அவள் தம்பி ஜாக்சன் வள்ளத்தில் போய், கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிறவன். அவன் கடலில் இருக்கும் நாட்களில் இவள் நடை இன்னும் கூடும்.

கல்யாண ஆல்பம், திருவிழா வீடியோ என்று காலம் தள்ளிக்கொண்டிருந்த எங்களிடம் மீனவர் சங்கம் ஒரு பெரிய திரை கேட்டது. கடலில் இருக்கும் வள்ளம் சிவப்பு, கரை சேர்ந்தது பச்சை. கரையில் நிற்கும் தனராஜ் அண்ணாச்சி போனில் தட்டினால், சங்கக் கட்டடத்தில் நிறம் மாற வேண்டும்.

திரையை அழகாக வரைவது பெரிய காரியமில்லை. பின்னால் இருக்கும் தகவலோடு அதை முடிச்சுப் போடுவதுதான் வேலை. அந்த முடிச்சுக்குப் பெயர் பைண்டிங். தகவல் மாறினால் திரை தானாக மாறும். அதற்கு முன்னால் ஸ்கீமா எழுத வேண்டும். ஒவ்வொரு வள்ளத்துக்கும் என்னென்ன விவரம், எது கட்டாயம், எதை வைத்து இது இன்ன வள்ளம் என்று அடையாளம் காண்பது என்கிற சட்டம் அது. ஜெஸ்லின் வள்ளத்தின் பெயரை அடையாளமாக வைத்தாள். பதிவு எண்ணை, இருந்தால் போடலாம் என்று விட்டுவிட்டாள்.

"நம்பர யாரு பாக்கா? பேரச் சொன்னா ஊருக்கே தெரியும்லா" என்றாள்.

எனக்கும் சரியென்றே பட்டது. இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். வெளியூர்க்காரி எழுதியிருந்தால் முதலில் எண்ணைத்தான் கேட்டிருப்பாள்.

திரை வைத்த வாரமே காற்று எச்சரிக்கை வந்தது. மதியம் சங்கக் கட்டடம் முழுக்கப் பெண்கள். ஜெஸ்லின் சுவருக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஜாக்சனின் மனைவி ஞானசௌந்தரி மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவர்கள் வள்ளத்தின் பெயர் அந்தோணியார். அந்த வரி திடீரென்று பச்சையானது.

"மைனி, வந்துட்டாவ! மாதா கெபில ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வாரேன்" என்று ஜெஸ்லினிடம் சொல்லிவிட்டு ஞானசௌந்தரி எழுந்து கிளம்பினாள்.

ஜெஸ்லினும் சிரித்தாள். அடுத்த கணமே முகம் செத்துப்போனது. ஒரே நேரத்தில் மூன்று வரிகள் பச்சையாகியிருந்தன. மூன்றும் அந்தோணியார். எங்கள் கரையில் வள்ளங்களுக்குப் புனிதர்களின் பெயர்தான் வைப்போம்; ஆனால் வள்ளங்களின் அளவுக்குப் புனிதர்கள் கிடையாது. பேச்சில் உரிமையாளர் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம் என்பதால், ஒரே பெயரில் பல வள்ளம் இருப்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. அண்ணாச்சி ஒன்றைத் தட்ட, அந்தப் பெயருள்ள எல்லாமே கரை சேர்ந்துவிட்டன.

போன் போட்டாள். "அண்ணாச்சி, எந்த அந்தோணியார் வந்திருக்கு?"

"அம்புரோஸு வள்ளம்ளா. மத்த ரெண்டையும் இன்னும் காணல."

ஜெஸ்லின் வாசலுக்கு ஓடி ஞானசௌந்தரியின் கையைப் பிடித்தாள். "நில்லு ஞானம். தம்பி வரல. நான் செஞ்ச தப்பு."

பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். சங்கத்தில் பதிவு எண்களை வாங்கி ஏற்றினாள். எண்ணையே அடையாளமாக்கி முடிச்சை மாற்றிப் போட்டாள். அம்புரோஸின் வரி பச்சையாக நின்றது. மற்ற இரண்டும் சிவந்தன. சொந்தத் தம்பியின் வள்ளத்தைத் தன் கையாலேயே கடலுக்குத் திருப்பி அனுப்பினாள்.

"எதுக்கு மைனி மாத்துனிய?" என்றாள் ஞானசௌந்தரி. "கொஞ்ச நேரமாவது பச்சையா இருந்திருக்கலாம்லா."

ஜெஸ்லின் திரைக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். அவள் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பயமாக இருந்தது.

வெயில் இறங்கும்போது ஒரு வரி பச்சையானது. ஒன்றே ஒன்று, ஜாக்சனுடையது. ஞானசௌந்தரி "மாதாவே" என்று அழுதாள். ஜெஸ்லின் செருப்புக்கூடப் போடாமல் கரைக்கு ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

ஜாக்சன் நனைந்த சட்டையோடு கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "எதுக்குக்கா இப்படி ஓடியார? நீ போட்ட ஸ்கிரீன்ல நான் வரலியா?"

அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் ஜெஸ்லின்.

"வந்தலே. நான்தான் நம்பல."