மீன்காரம்மாவின் வசனம்

சேலையூரில் எங்கள் தெருவுக்குக் கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா வருவாள். கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில், அவன் கடைசியாகப் போட்டிருந்த அதே நிறச் சட்டையோடு முதுகு காட்டி நின்ற ஒருவனின் கையைப் பிடித்து, “வந்துட்டியா மாமா?” என்று கேட்டுவிட்டாளாம். மீன் ஆய்ந்துகொண்டே இதை என் மனைவியிடம் சொல்லி அழுதாள். உள்ளே எழுதிக்கொண்டிருந்த நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

அதுதான் என் மூன்றாவது நாவலின் கடைசி அத்தியாயம். படித்த சிலர் அழுததாகக் கடிதம் எழுதினார்கள். ஒரு புது இயக்குநரும் படித்தார். திரைக்கதையையும் நானே எழுத வேண்டும் என்று நாவலூரில் அவர் எடுத்திருந்த ஃபிளாட்டில் என்னை உட்கார வைத்தார். நான் ஆசிரியர் வேலையை விட்டேன்.

மூன்றாம் மாதம் இயக்குநர் சொன்னார்: “சார், அந்தம்மா வந்தாலே படம் டல்லாயிடுது. காமெடில போட்டுருவோமா?”

மறுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மறுக்கவில்லை. சாப்பாடு வருவதற்குள் நான்கு காட்சிகள் எழுதிக் கொடுத்தேன். கிட்டப்பார்வைக் கிழவி ஒருத்தி, போகிற வருகிற ஆண்களையெல்லாம் பிடித்து “வந்துட்டியா மாமா?” என்கிறாள். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படம் ஓடியது. கேம்ப் ரோடு ஆட்டோக்காரர்கள் அவள் கூடையோடு போகும்போதெல்லாம் அந்த வசனத்தைச் சொன்னார்கள். அவளை நினைத்து எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாது. மீன் கூடை ஒன்றே போதுமாயிருந்தது.

ஒரு காலை எங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

“சார், நா அத அக்காகிட்ட மட்டுந்தான் சொன்னேன். சினிமாக்காரனுக்கு யாரு சொன்னது?”

இயக்குநர் மாற்றிவிட்டார், என் கையில் ஒன்றும் இல்லை என்றேன். பாதிகூட உண்மையில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நீதான் சொல்லிக்கீற.”

என் மனைவி வெளியே வருவதற்குள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பிறகு எங்கள் தெருவுக்கு வரவேயில்லை.

சில மாதம் கழித்து அவள் கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் உட்காருவதாகக் கேள்விப்பட்டு என் மனைவி மட்டும் போனாள். மன்னிப்புக் கேட்டாளாம். மீன்காரம்மா தெரியாதவர்களிடம் பேசுவதுபோல மீனின் விலையை மட்டும் சொன்னாளாம்.

அதை என்னிடம் சொன்ன அன்று நான் இரண்டாவது படத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதே மாதிரி ஒரு கிழவி வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டிருந்தார். மனைவி பேசி முடிக்கும்வரை பேனாவை மூடி வைத்திருந்தேன். அவள் எழுந்து போனதும், தெரிந்தவளிடம் தெரியாததுபோல விலை சொல்லும் ஒரு மீன்காரியை எழுதத் தொடங்கினேன்.