ஏர் பிஸ்டல் கடையில் ஒரு கண்ணாடி வளையல்

துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் இரண்டு அடி தள்ளி நிற்பார்கள். கடைக்குள் வந்துவிட்டால் நான்தான் அவர்களைப் பார்த்து இரண்டு அடி தள்ளி நிற்பேன்.

பெரிய துப்பாக்கி எதுவும் இங்கே கிடையாது. மதுரையிலிருந்து அவனியாபுரம் போகிற வழியில் இருக்கிற விளையாட்டுச் சாமான் கடை. முன்பக்கம் கேரம் போர்டும் மட்டையும். பின்பக்கம் நீளமான ஒரு கூடம், அதில் பத்து மீட்டர் தூரத்தில் காகித அட்டை மாட்டியிருக்கும். பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்கள் ஏர் பிஸ்டலை அங்கே சுட்டுப் பார்த்து வாங்குவார்கள். காற்றில் ஓடுகிற சின்ன பிஸ்டல். உளுந்து அளவில் ஈயக் குண்டு. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், ஆதார் நகல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஆறாம் வகுப்புவரை படித்தவள். கூடத்தைப் பெருக்கி, ஓட்டை விழுந்த அட்டையை மாற்றத்தான் என்னைச் சேர்த்தார்கள். ஆடி மாதம் கவுன்டரில் இருந்தவர் திருப்பூர் போய்விட்டார். முதலாளி என்னை அங்கே நிறுத்தினார். "பொங்கல் வரைக்கும் பாப்போம். வாயத் தொறந்து பேசலைன்னா வேற ஆளு பாக்கணும், கோவிச்சுக்காத" என்றார். பெருக்குகிற வேலைக்கு அதற்குள் இன்னொரு அக்கா வந்துவிட்டார், அதனால் திரும்பிப் போகவும் இடமில்லை. கவுன்டர் போனால் பழையபடி மாட்டுத்தாவணியில் பூக்கட்டப் போக வேண்டியதுதான். அந்த வேலைக்கு என் மகள் எழுந்திரிக்கும் முன்னால் கிளம்ப வேண்டும். இந்தக் கடைக்கு அடுத்த தெருவில்தான் அவள் பள்ளிக்கூடம். அவளுக்கு நான் தலை சீவிவிட முடியுமா முடியாதா என்பது என் வாயில் இருந்தது. அந்த வாயோ ஆளைக் கண்டால் திறக்காது.

முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் வருகிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உங்களில் கவுன்டரில் நிற்கிறவர்களுக்கு இது புரியும்.

கனமானது வேண்டும்

கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தன் வாங்குகிறவன், இன்னொருத்தன் போட்டோ எடுக்கிறவன். வாங்குகிறவனுக்கு விரல் நீளம், மணிக்கட்டு ஒல்லி. அவனுக்கு ஏற்ற மாதிரி லேசான ஒன்றை எடுத்து வைத்தேன். அதை அவன் தொடவே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதிலேயே கறுப்பாக, கனமாக இருந்ததைக் காட்டி, "அதான் கெத்து" என்றான்.

குறி பார்க்கிறவர் கையை நீட்டி அசையாமல் நிற்க வேண்டும். ஒற்றைக் கையில் பிடிப்பதென்றால் ஒரு கிலோவே பாரம்தான். முதல் படத்துக்கு நன்றாக நின்றான். இரண்டாவது படத்துக்கு முழங்கை இறங்கியது. மூன்றாவதில் பிஸ்டல் முனை அட்டையை விட்டுவிட்டு மேலே இருந்த மின்விசிறி, கீழே இருந்த குப்பைக்கூடை என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தது. நல்ல வேளை, உள்ளே குண்டு போடவில்லை. படம் எடுத்தவன் போனைத் தாழ்த்திவிட்டுச் சொன்னான்: "மாப்ள, போட்டோவுக்கு ஓகேடா. யாரையும் வீடியோ மட்டும் எடுக்க விட்றாத."

எழுமலையிலிருந்து வந்தவர்

எழுமலைப் பக்கத்து விவசாயி ஒருத்தர், உசிலம்பட்டியில் பஸ் மாறி வந்திருந்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. எந்தப் பிஸ்டலைக் கொடுத்தாலும் அந்தக் கையில் ஆடாமல் நின்றது. அப்படி ஒரு கை கிடைப்பது அபூர்வம். சுட்ட ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"பன்னி சாகுமா?" என்று கேட்டார்.

மக்காச்சோளக் காட்டில் பன்றி இறங்குகிறதாம். நான் தலையை ஆட்டினேன், சாகாது என்று. "மயிலு?" என்றார். வேகமாகத் தலையை ஆட்டினேன். மயிலைத் தொட்டால் ஜெயில் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் கடை மெக்கானிக் பாண்டி அண்ணன் உள்ளேயிருந்து, "பெரியவரே, இது எதையும் சுடுறதுக்கில்ல. பேப்பரை மட்டும்தான் சுடணும்" என்றார். பெரியவர் பிஸ்டலைப் பதமாகக் கீழே வைத்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்க பன்னி அம்புட்டையும் திங்குது. நீங்க இங்க பேப்பரச் சுட்டுக்கிட்டு இருக்கீங்க. பேப்பரு உங்கள என்னத்தா பண்ணுச்சு?"

மாடு பிடித்த கை

அவனியாபுரத்துக்காரர். வாடிவாசலில் மாடு பிடிப்பவர். போன பொங்கலுக்குக் கால் எலும்பு முறிந்து, இந்த வருஷம் களத்தில் இறங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். சும்மா இருக்க முடியவில்லை, அதனால் குறி பார்த்துச் சுடலாம் என்று வந்தார். சின்னப் பிடி அவர் கைக்குள் காணாமலே போனது. நடு அளவு, கட்டைவிரல் எலும்பில் உரசியது. பெரிய பிடி போட்டதைக் கொடுத்தேன், அச்சாகப் பொருந்தியது.

ஆனால் அட்டையில் ஓட்டை எல்லாம் இடது பக்கம், கீழே. எத்தனையோ அட்டை மாற்றியிருக்கிறேன், அதைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். வலது கைக்காரர் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்தால் குண்டு அங்கேதான் போகும். அவரோ கயிறு இழுக்கிற மாதிரி இழுக்கிறார். சொல்ல வேண்டியதுதான், வேறு வழியில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டே, "கொய்யாப்பழம் கனிஞ்சிருக்கான்னு அமுக்கிப் பாப்பீங்கள்லண்ணே, அந்த மாதிரி" என்றேன். கடையில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று பாண்டி அண்ணன் பிறகு சொன்னார்.

அடுத்த குண்டு கறுப்பைத் தொட்டது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விடாமப் புடிச்சாத்தான் பரிசுன்னே பழகிட்டேன் தங்கச்சி. இங்க அமுக்காம அமுக்குனாத்தான் பரிசா?"

வலது பக்கம் நின்றவர்

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மழை. பள்ளிக்கூடம் இல்லாததால் மகள் கவுன்டருக்குக் கீழே உட்கார்ந்து என் கண்ணாடி வளையல் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இந்தக் கண்ண மூடுனா கடிகாரம் ஓடிப்போகுது. அந்தக் கண்ண மூடுனா அங்கயே இருக்கு" என்றாள். நானும் கையை நீட்டி வளையலைப் பிடித்துப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு கண்ணும் திறந்திருந்தாலும் நாம் ஒரு கண் சொல்வதைத்தான் கேட்கிறோம். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் ஓடுகிறதோ அதுதான் மூத்த கண். நிறையப் பேருக்குக் கையும் கண்ணும் ஒரே பக்கம். சிலருக்குக் கை வலது, கண் இடது. அவர்களில் பலருக்கு எந்தப் பிஸ்டலைக் கொடுத்தாலும் குண்டு இடது பக்கமாகவே போகும். பிஸ்டல் சரியில்லை என்று திட்டிக்கொண்டு போவார்கள்.

கார்த்திகையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர் மனைவியோடு வந்தார். சாயப்பட்டறை வைத்திருக்கிறவர், நகக்கண்ணில் கத்திரிப்பூக் கலர். பேரன் எங்கோ சுடப் பழகுகிறான், தாத்தாவுக்கும் ஆசை. மூன்று பிஸ்டல் மாற்றிவிட்டார். எல்லாம் இடது பக்கமே. இரண்டு பேரும் அவர்கள் வீட்டுப் பாஷையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் முழுவதும் புரிந்தது. அந்தம்மா போகலாம் என்கிறார், இவர் இன்னும் ஒன்று என்கிறார்.

வளையலைக் கழற்றிக் கொடுத்து, கடிகாரத்தைக் காட்டினேன். இடது கண்ணை மூடியதும் திடுக்கிட்டுத் திறந்தார். அவர் மூக்குக்கண்ணாடியின் இடது பக்கத்தில் அட்டைத் துண்டு ஒன்றை ஒட்டி மறைத்தேன். முதலில் சுட்ட அதே பிஸ்டல்தான், குண்டு கறுப்புக்குள் போய்விட்டது. எனக்குத் தமிழில் நன்றி சொன்னார். அந்தம்மா சிரிக்கவில்லை. "நாப்பது வருஷமா எங்க போனாலும் இவருக்கு வலது பக்கந்தாம்மா நிக்கிறேன். புதுச் சேலை கட்டுனா ஏன் கண்ணுல படலைன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

பேசத் தெரிந்தவர்

மார்கழியில் முதலாளி ஒரு தம்பியைக் கூட்டிவந்தார். செல்போன் கடையில் இருந்தவன். நல்லவன், என் மகளுக்குக்கூட வணக்கம் சொல்வான். என்ன கேட்டாலும் பதில் வைத்திருப்பான், கேட்காததற்கும் வைத்திருப்பான். வருகிறவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அதைப் பார்த்து முதலாளியும் சிரித்தார். நான் மாட்டுத்தாவணி பஸ்ஸெல்லாம் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்தேன்.

ஒரு நாள் ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் வந்தார். தம்பி பிஸ்டலின் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் இருபது நிமிஷம் சொன்னான். வாத்தியார் கை சின்னக் கை. அவன் நீட்டியது பெரிய பிடி. ட்ரிக்கருக்கு அவர் விரல் எட்டவில்லை. அதைச் சொல்ல அவருக்குச் சங்கடம், நடுவில் புகுந்து சொல்ல எனக்குச் சங்கடம். வியாபாரத்தில் இருக்கிறவர்கள் தினமும் கேட்டு வயிறு எரிகிற அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்: "நல்லா இருக்கு தம்பி. வீட்ல கேட்டுட்டு வாரேன்."

முதலாளியின் ஐந்தாவது பிஸ்டல்

முதலாளி தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வலது கையால் பத்துக் குண்டு சுடுவார். பத்தும் இடது பக்கம். நான் வந்த பிறகு மட்டும் நான்கு பிஸ்டல் மாற்றிவிட்டார். ஒன்றுக்கு ஸ்பிரிங் சரியில்லை, ஒன்றுக்குக் குழாய் கோணல், மற்றதெல்லாம் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான். குழாயைச் சுத்தம் செய்தால் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். எப்போதும் இடது கண். அவருக்கு மூத்த கண் அதுதான் என்று ஐப்பசி மழையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பாண்டி அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "ஏத்தா, இருபது வருஷமா சுடுறவருகிட்ட உங்க கண்ணுதான் கோளாறுன்னு சொல்லச் சொல்றியா? எனக்கு ரெண்டு புள்ளைக இருக்கு" என்றார். எனக்கும் ஒன்று இருக்கிறதே. பேசாவிட்டாலும் வேலை போகும், இதைப் பேசினாலும் வேலை போகும்.

போகிக்கு முதல் நாள். முதலாளி புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தார், ஐந்தாவது. சுட்டார். இடது பக்கம். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "பொங்கலுக்கு அப்புறம் கவுன்டர்ல ஒரு ஆளுதான். இதுவும் இடதுல போகுது. கடையில இருக்குறதுல எனக்கு எது சரியா வரும், ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார். தம்பி உடனே விலை கூடிய ஒன்றை எடுத்து நீட்டினான். "இதாண்ணே டாப்பு. உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ?"

வளையலைக் கழற்றி கவுன்டரில் வைத்தேன். "கடிகாரத்தப் பாருங்கண்ணே" என்று மட்டும் வந்தது. அவர் கையை நீட்டிப் பிடித்தார். "இடது கண்ண மூடுங்கண்ணே." மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். உள்ளே பாண்டி அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. முதலாளி அலமாரியைப் பார்த்தார். பழைய பிஸ்டல் நான்கும் வரிசையாக இருந்தன, ஒரு குற்றமும் செய்யாமல்.

"எப்பருந்து தெரியும்?"

"ஐப்பசியிலருந்துண்ணே."

"ஏன் சொல்லல?"

"நீங்க துப்பாக்கியத்தான் கேட்டீங்க."

வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கண்ணையும் திறந்து என்னையும் தம்பியையும் பார்த்தார். வளையலை என் முன்னால் வைத்தார். "ஒரு ஆளுன்னு சொன்னது தப்பு. பேசுறதுக்கு அவன் இருக்கட்டும், பாக்குறதுக்கு நீ இருந்துக்க."

இப்போது முதலாளி கண் இருக்கிற பக்கத்துக்கே கையை மாற்றி இடது கையில் சுடுகிறார், குண்டெல்லாம் வலது பக்கம் கீழே போகிறது. ட்ரிக்கரை அவர் வெடுக்கென்று இழுப்பதை அடுத்த பிஸ்டல் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று வாயைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.