சீட்டுக்கு அடியில் வெடித்த பாட்டு

மயிலாப்பூரில் சின்ன ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். அதிகம் படிக்காதவன், எதற்கெடுத்தாலும் பயம். என் சிறிய காரில் இருந்த ரேடியோ முனகலாகத்தான் பாடும். பின்னால் உட்காரும் என் மனைவிக்கும் கேட்கட்டுமென்று, அவள் சீட்டுக்கு அடியில் பெரிய ஒலிபெருக்கி ஒன்றைப் பொருத்தும்படி ரேடியோ கடைக்காரரிடம் சொன்னேன்.

முதல் நாளே, லஸ் பக்கம் திரும்பியதும் பாட்டுக்கு நடுவே அவள் சீட்டுக்கு அடியில் ஏதோ படபடவென்று வெடித்தது, காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டாற்போல. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். நெருப்பென்று நினைத்து அங்கேயே காரை நிறுத்தி, அவளைக் கையைப் பிடித்து இறக்கினேன்.

"பொகையே காணோமேங்க," என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன், கார் நின்றது டிராம் தண்டவாளத்தின் மேல். எதிரே வந்த டிராம் மணியடித்துக்கொண்டே இரண்டு முழம் தள்ளி நின்றது. உடனே அந்தப் படபடப்பும் நின்றது.

டிராம் ஓட்டுபவர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, புள்ளத்தாச்சிய நடு ரோட்ல நிக்க வெச்சிக்கினு பாட்டு கேக்கறியா?" என்றார்.

டிராம் கம்பியில் பறக்கும் பொறிதான் ரேடியோவில் அப்படிக் கேட்கிறதாம். ரேடியோ கடைக்காரர் சொன்னார். கம்பி மேலே இருக்கிறது, சத்தம் சீட்டுக்கு அடியில் வருகிறது. எப்படியென்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அதை அடக்க ஏதோ மாட்டித் தருகிறேன் என்றார், வேண்டாமென்றுவிட்டேன். இப்போது படபடத்தால் நான் நிறுத்துவதில்லை. டிராம் வருகிறதென்று ஓரமாக ஒதுங்கிவிடுகிறேன்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலிருந்து, "எறங்கட்டுமாங்க?" என்று கேட்கிறாள்.