நானே அனுப்பினாலும் தொடாதே

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு ஊரையே இணையத்தில் விற்றுக்கொண்டிருப்பவன் சாய்கிருஷ்ணன். பல் டாக்டர், புடவைக் கடைக்காரர், கருப்பட்டி வியாபாரி என்று யார் வந்தாலும் ஒரு வலைத்தளமும் நாலு விளம்பரமும் செய்து கொடுப்பான். அது பிழைப்பு. அவனுடைய உயிர் இருந்ததோ ‘நெல்லை நெட் உஷார்’ என்ற வாட்ஸப் குரூப்பில்.

குரூப்புக்கு அவன்தான் அட்மின். கணக்கு வாத்தியார் ஜோஷுவா உதவி அட்மின். செல்போன் கடை மதார், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் நான், இன்னும் ஊரில் செல்போன் வைத்திருந்த பாவத்துக்கு உள்ளே இழுக்கப்பட்ட சில நூறு பேர் அதில் இருந்தோம். தினமும் காலையில் சாயின் குரல் பதிவு வந்து விழும். கொஞ்ச நஞ்ச நீளமில்லை. அதைக் கேட்டுக்கொண்டே ஏரல் வரை பஸ்ஸில் போய்விடலாம். நாங்கள் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

ஆனால் அவன் ஓயாமல் சொன்ன ஒன்று மட்டும் எங்கள் மண்டையில் ஏறியிருந்தது. “தெரியாதவன் அனுப்புத ஃபைலத் தொடாதிய. தெரிஞ்சவன் அனுப்பினாலும் தொடாதிய. நானே அனுப்பினாலும் தொடாதிய! கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஆப் வரும். தொட்டா பேங்க்ல இருக்கது பூராவும் போச்சு.” குரலையும் முகத்தையும்கூடப் போலியாகச் செய்கிறார்கள், ஆகையால் சந்தேகம் வந்தால் அந்த வாரத்து ரகசிய வார்த்தையைக் கேளுங்கள் என்பான். அந்த வார்த்தையை ஒவ்வொரு திங்கட்கிழமையும் குரல் பதிவின் கடைசியில் சொல்வான்.

இப்படிப்பட்டவனுக்கு முப்பத்தாறு வயதில் பெண் அமைந்தது. சேரன்மகாதேவிப் பெண், பத்மப்ரியா. நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அப்பா, “மாப்பிள்ளைக்கு ஆளு ரொம்பக் கம்மியோ?” என்று கேட்டுவிட்டார். சாய்க்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என் குரூப்பே வரும் மாமா. மண்டபம் கொள்ளாது” என்றான். மாமனார் அதை நம்பி, வரவேற்புச் சாப்பாட்டை இரண்டு மடங்காகச் சொல்லிவிட்டார்.

சாதாரணமாக ஒரு படத்தை அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. விளம்பரக்காரன் புத்தி விடுமா? தன் கல்யாணத்தை ஊர் பேச வேண்டும் என்று பத்திரிகையை ஒரு ஆப்பாகவே செய்தான். திறந்தால் நாதஸ்வரம் வாசிக்குமாம், மண்டபத்துக்கு வழி காட்டுமாம், பந்தியில் என்னென்ன என்று சொல்லுமாம். கல்யாண வாரத்துப் புதன்கிழமை, தேதியும் மண்டபமும் எழுதி அதைப் பெருமையாகக் குரூப்பில் போட்டான்.

அரை மணி நேரத்தில் மொத்தப் பேரும் அழித்துவிட்டோம். நானும்தான். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை, சொல்லிக்கொடுத்தவன் அவன். ஜோஷுவா சார் ஒரு படி மேலே போய், “அட்மின் எண்ணை எவனோ பிடித்துவிட்டான்” என்று அறிவித்து, சாயையே குரூப்பிலிருந்து நீக்கினார். கோமு என்று ஒரு பெண் உண்டு, எப்போதும் குண்டக்க மண்டக்கக் கேள்வி கேட்பாள். சாய்க்கே அவள் மேல் சந்தேகம். அவள், “இது உண்மையான கல்யாணம்தான், எனக்கு நல்லாத் தெரியும்” என்று எழுதினாள். கூட்டாளி அகப்பட்டாள் என்று அவளையும் தூக்கினோம்.

சாய் நேரில் வந்திருக்கலாம். ஆனால் அதற்குள் வீட்டில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. பந்தக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளை தெருவில் இறங்கக் கூடாது என்று அவன் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் மதாருக்கு வீடியோ கால் போட்டான். நான் அப்போது மதார் கடையில் இருந்தேன்.

“ஏலே மதார், நான்தாம்லே! கல்யாணத்துக்கு வாங்கலே!”

“மூக்கத் தொடு பாப்போம்” என்றான் மதார். தொட்டான். “தலைய அங்கன திருப்பு. இப்ப இங்கன.” திருப்பினான். சாயின் கண்ணில் தண்ணீர் நின்றது. மதார் என்னிடம் திரும்பி, “என்னமா செய்யுதானுவ பாத்தீரா வே! அழக்கூட வச்சுட்டானுவ” என்று வியந்து, இணைப்பைத் துண்டித்தான்.

பிறகு குரூப்பில் பெரிய விவாதம். சாய் அண்ணன் பெயரில் போலிக் கல்யாணம் நடத்துகிறவர்களைச் சும்மா விடுவதா? வரவேற்பு அன்று மாலை பைக்கிலும் வேனிலும் பஸ்ஸிலுமாகச் சேரன்மகாதேவிக்குக் கிளம்பினோம். வயலை ஒட்டி மண்டபம். வாசலில் திரண்டு நின்று உள்ளே எட்டிப் பார்த்தோம். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மாமனார் சமையற்காரரிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மேடையில் மாலையோடு சாய், கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் மாலை அவிழ ஓடி வந்தான்.

மதார் கையை நீட்டித் தடுத்தான். “நில்லும். ரகசிய வார்த்தையச் சொல்லும்.”

சாய் விழித்தான். கல்யாண அலைச்சலில் மறந்துவிட்டது. “அருவி... இல்ல, அது போன வாரம். அல்வாவா?” வியர்த்துக் கொட்டியது. “நீயே சொல்லேன்லே, சரியான்னு பாப்போம்.”

மதார் ஜோஷுவா சாரைப் பார்த்தான். ஜோஷுவா சார் என்னைப் பார்த்தார். நான் வயலைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சாய் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். “ஒருத்தனும் கடைசி வரைக்கும் கேட்டதில்லையாலே?” என்றான். முப்பத்தாறு வயதுக்காரன் சின்னப் பிள்ளை மாதிரி நின்றான்.

“சொதிக்கு இஞ்சித் துவையல்.”

திரும்பினோம். மணப்பெண் மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

“அதேதான்!” என்று சாய் கத்தினான். பிறகுதான் உறைத்தது. “உனக்கு எப்படித் தெரியும்?”

“கோமு எங்க அம்மா பேரு. அம்மா நம்பர்லதான் நான் குரூப்ல சேந்தேன்” என்றாள் பத்மப்ரியா. “சம்பந்தம் பேசுமுன்ன விசாரிக்காண்டாமா? அப்பா உங்க தெருவுல விசாரிச்சாவ. நான் குரூப்ல விசாரிச்சேன்.”

பெண் வீட்டார் மாதக்கணக்கில் உள்ளே உட்கார்ந்து விசாரித்திருக்கிறார்கள், நெல்லைக்கே காவல் இருந்தவனுக்குத் தெரியவில்லை. மதார் வாய்விட்டுச் சிரித்தான். சாய் அதைக் காதில் வாங்கவில்லை.

“விசாரிச்சு என்ன தெரிஞ்சுது?” என்று பையக் கேட்டான்.

“யாரும் கேக்கலன்னாலும் நிறுத்தாம சொல்லுதிய. எவனோ ஏமாந்துரக் கூடாதுன்னு அம்புட்டுப் பாடுபடுதிய. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தினமும் கடைசி வரைக்கும் கேட்டேன்.”

நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டு பந்திக்கு நடந்தோம். மாமனார் எங்களை எண்ண முடியாமல் திணறி, கூடுதல் இலைக்கு ஆள் அனுப்பினார். பின்னால் சாய் பூரித்துப்போய்க் கேட்பது காதில் விழுந்தது.

“அப்போ பத்திரிகை ஆப்ப நீயாவது திறந்து பாத்தியா? நாதஸ்வரம் எப்படி?”

“ஐயோ, நான் அப்பமே அழிச்சுட்டேன்” என்றாள்.