மார்பளவு ஆழம்

பேருந்து ஓட்டும் மீசைக்காரருக்குத் தண்ணீர் என்றாலே குலைநடுக்கம். மலைப்பாதை வளைவுகளில் அலட்டிக்கொள்ளாமல் வண்டியை ஒடித்துத் திருப்புகிற மனிதர், ஷவருக்கு அடியில் நிற்கமாட்டார். வாளியும் குவளையும்தான். முகத்துக்கு ஈரத்துணி. ஒன்பது வயதில் படகு கவிழ்ந்து, பக்கத்தில் இருந்த அண்ணன் போய்விட்டான். தன் சட்டையைப் பற்றியிருந்த அவன் விரல்கள் நழுவியதை இவர் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு மனைவியோடு சபைக்குப் போகத் தொடங்கினார். விசுவாசம் வந்தது, ஞானஸ்நானத்துக்குத்தான் கால் வரவில்லை. அங்கே ஈஸ்டர் காலையில் ஆற்றில் முழுக வைத்துத்தான் கொடுப்பார்கள். மொட்டையாய் நின்ற கரையோர மரங்கள் தளிர்விடத் தொடங்கியதுமே இவர் சாக்குத் தேட ஆரம்பித்துவிடுவார். ஒரு வருஷம் முதுகுவலி, ஒரு வருஷம் டூட்டி, ஒரு வருஷம் சொல்லிவைத்தாற்போல் காய்ச்சல். இப்படியே பதினோரு வருஷம் டிமிக்கி கொடுத்தாயிற்று.

இந்த முறை பதினேழு வயது மகள் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நீங்களும் வாங்கப்பா. தனியா இறங்க பயமா இருக்கு."

"உனக்கா பயம்?"

"உங்க பொண்ணுதானே நான்!"

போதகர் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். "தண்ணிக்குள்ள போறது, பழைய மனுஷன் செத்து அடக்கமாகிறதுக்கு அடையாளம். வெளிய வர்றது, கிறிஸ்துவோட புது உயிரா எழும்புறது."

"எழும்புறது சரிங்கய்யா. அடக்கம் எவ்வளவு நேரம்?"

மகள் சிரித்துவிட்டாள். போதகர் சிரிக்கவில்லை. "மூணு எண்ணுறதுக்குள்ள. என் கை உங்க முதுகை விடாது."

ஈஸ்டர் காலை. மார்பளவுத் தண்ணீர், ஊசியாகக் குத்தும் குளிர். காலடியில் சேறு வழுக்கியது. பாட்டுச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. போதகர் சாய்த்ததும் தலைக்கு மேல் தண்ணீர் மூடிக்கொண்டது. இருட்டு. சட்டையை யாரோ இழுப்பதுபோல் இருந்தது. கத்த வாயைத் திறந்தார், தண்ணீர் புகுந்தது. செத்தேன் என்றே நினைத்தார்.

அப்புறம் வெளிச்சம். இருமி இருமி நிமிர்ந்தபோது, போதகரின் சட்டைப் பித்தான் இவர் கையில் இருந்தது.

கரையில் மனைவி துண்டோடு நின்றாள். "வாங்க, மேல வந்துடுங்க!"

ஆனால் அடுத்து மகள் இறங்கிக்கொண்டிருந்தாள். இவர் நகரவில்லை. பற்கள் தந்தியடிக்க அங்கேயே நின்றார். அவள் முழுகியதும் கூந்தல் மட்டும் மேலே மிதந்தது. ஒன்று. இரண்டு. தான் முழுகியபோது இருந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

அவள் எழுந்தாள். முகமெல்லாம் சூரியன். அப்பாவைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள்.

மீசைக்காரருக்குப் பயம் விட்டுப்போய்விட்டது என்று சபையில் சாட்சி சொன்னார்கள். அது பொய். ஷவர் பக்கம் அவர் இன்றும் போவதில்லை. ஆனால் அடுத்த வசந்தத்தில், தானாகவே போதகருக்குத் துணையாக ஆற்றில் இறங்கி நின்றார். தையல்காரம்மா ஒருவர் தண்ணீரைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார்.

"எனக்கும் பயம்தாம்மா," என்று கையை நீட்டினார் இவர். "கெட்டியா பிடிச்சுக்கோங்க."