எனக்கு முன்னம் போன கதிரை

இண்டைக்கு நெடுந்தீவிலை எனக்கு வேலையிலை முதல் நாள். அங்கை போற படகுக்குக் காலமையே குறிகட்டுவான் துறைக்கு வந்திட்டன்.

படகுக்கார அண்ணை சொன்னார்: "தங்கச்சி, முதல்ல உம்மடை வீல்செயாரை ஏத்துவம். பிறகு உம்மைத் தூக்கி விடுறம்."

"என்னை முதல் ஏத்துங்கோ அண்ணை. அது இல்லாமல் எனக்கு அசைய ஏலாது."

"பயப்பிடாதையும்" எண்டு என்னைத் துறை விளிம்பிலை இருந்த சீமெந்துக் கட்டிலை இருத்திப்போட்டு, வீல்செயார்க் கதிரையைச் சைக்கிளுகளோடை மேல்தட்டிலை கட்டினார். பிறகு சனத்தை ஒதுக்க படகுக்கு உள்ளுக்கை போயிட்டார்.

கயிறு அவிழ்ந்தது. படகு நகருது.

"அண்ணை! நான் இஞ்சை!"

எஞ்சின் சத்தத்திலை ஆருக்குக் கேக்கும்? ஒருத்தரும் திரும்பேல்லை. காலுக்குக் கீழை கடல். சீமெந்துக் கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, கதிரை சின்னனாகிறதைப் பாத்துக்கொண்டிருந்தன்.

பக்கத்திலை நிண்ட அக்கா கேட்டா: "துணைக்கு ஒருத்தரும் வரேல்லையோ பிள்ளை? உப்பிடித் தனிய வெளிக்கிடலாமே?"

அடுத்த படகு மத்தியானமாம். அதே சீமெந்துக் கட்டிலை இருந்துதான் இதை எழுதுறன்.

தனியப் போகாதை எண்டு எனக்குச் சொல்லுற ஊர், என்ரை கதிரையைத் தனிய அனுப்பிப்போட்டுது. நெடுந்தீவுத் துறையிலை நிக்கிற ஆராவது அந்தக் கதிரையிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ, துணைக்கு ஆர் வந்ததெண்டு.